சீஸ் சாப்பிட்டு வந்த அம்மா

மலேசியாவில், கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“நேத்து என் மகள கிட்ட வராதேன்னு தள்ளி நிக்க வச்சிட்டேன்க்கா.”

“ஏன்?”

“ஃபேக்டரில பீட்சா குடுத்தாங்கல்ல, சாப்டேன். அவளுக்குப் பால் அலர்ஜி. சீஸ் தின்ன வாயால முத்தம் குடுத்தாலே மூஞ்சி வீங்கிடும், மூச்சு திணறும். கதவத் தொறந்ததும் கட்டிப்பிடிக்க ஓடி வந்தா.”

“அலமாக்! அவளுக்கு சீஸ் இல்லாம ஒண்ணு வாங்கலாம்ல?”

“பீட்சா கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன்க்கா. எடுத்த பொண்ணு உண்மையச் சொல்லிட்டா. சீஸ் போடாம செய்யலாம், ஆனா மாவுலயே பால் இருக்கு, வெட்டுறதும் அதே கத்திதான், பிள்ளைக்குக் குடுக்காதீங்கன்னு சொன்னா.”

“மக அழுதாளா?”

“இல்லக்கா. நான் பல்லு விளக்கி, சட்டை மாத்திட்டு வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னா. அப்புறம், அது எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்டா.”

“என்ன சொன்ன?”

“நல்லா இல்லன்னு சொன்னேன்.”

இளையவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அவ நம்பலக்கா. பொய் சொல்லாதீங்கம்மா, சாப்பிடத்தான் முடியாது, கேட்டாவது தெரிஞ்சிக்கிறேன்னு சொன்னா.”