பன்னிரண்டாவது மாதம்

எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். இதைச் சொல்ல வெட்கம் என்ன இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார்? நாற்பத்தாறு வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

என் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவர். நான் கேட்டால் மட்டும், "உனக்கு எதுக்குடி? எங்க போகணும்னு சொல்லு, நான் கொண்டுபோய் விடறேன்" என்பார். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒருநாள் சலூன் நாற்காலியில் அவருக்கு வலிப்பு வந்தது. அடுத்தது வகுப்பறையில், சாலைச் சின்னங்கள் ஒட்டிய பலகைக்குக் கீழேயே. லைசென்ஸை ரத்து செய்தார்கள். மலை மாதிரி இருந்த மனிதர், ஓர் அட்டைக்காகத் தேம்பித் தேம்பி அழுதார்.

நான் அவருடைய போட்டிக்காரரிடம் போய்க் கற்றுக்கொண்டேன். மூன்றே மாதத்தில் ஸ்டியரிங் என் கையில். என் கணவர் பக்கத்து இருக்கையில், மடியில் காய்கறிப் பையோடு. "கொஞ்சம் கடை வரைக்கும் கூட்டிட்டுப் போறியாம்மா?" என்று கேட்கப் பழகிக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த 'அம்மா' எனக்குப் புதிது.

அதோடு விட்டிருக்கலாம். மேல்முறையீடு செய்தார். ஓராண்டு வலிப்பே வராமல் இருந்தால் முடிவை மாற்றுவார்களாம். டாக்டர் சான்றிதழ், ஸ்கேன், மனைவியின் உறுதிமொழி என்று ஃபைல் பெருத்துக்கொண்டே போனது. பதினோரு மாதம் ஓடிவிட்டது. "இன்னும் ஒரு மாசம்தான். அப்புறம் நீ நிம்மதியா வீட்ல இருக்கலாம்" என்றார், ஏதோ வரம் கொடுப்பவர் போல.

ஏழு நாளுக்கும் அறை பிரித்த டப்பாவில் அவருடைய வலிப்பு மாத்திரைகளை நிரப்புவது என் வேலை. தான் விழுங்குவது என்ன மாத்திரை என்றுகூட அவருக்குத் தெரியாது. அதே வெள்ளையில், அதே அளவில் சத்து மாத்திரை கிடைத்தது. ஒன்பது நாள், ஒரு வேளை தவறாமல் அதைத்தான் சாப்பிட்டார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வலிப்பு.

பத்தாம் நாள் காலை கூடத்தில் விழுந்தார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிட வலிப்பையெல்லாம் லைசென்ஸ் அதிகாரிகள் பெரிய மனது வைத்து மன்னித்துவிடுவார்கள். பதினேழு நிமிடம் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். இருவருமாகத் தூக்கிக் காரில் படுக்கவைத்தோம். நான்தான் ஓட்டினேன். வழியில் ஒரு சிக்னலைக்கூட மீறவில்லை.

"இவ்வளவு லேட்டாவா கொண்டுவருவீங்க?" என்றாள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவசரம்தான். அன்று மதியமே அவர் போய்விட்டார்.

அவர் ரத்தத்தில் மருந்தே இல்லை என்று கண்டுபிடிக்க உங்களுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். மாத்திரையை மாற்றியது நான். நேரம் பார்த்துக்கொண்டு நின்றதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்? அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்கிறேன். இதுவரை ஒருவர்கூட வந்து நன்றி சொல்லவில்லை.