வரப்போரக் கத்தரி

கத்தரிக்கு அடுப்புச் சாம்பல் தூவுவதென்றால் இலையில் ஈரம் இருக்கும்போதே தூவ வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. வெயில் ஏறினால் ஒட்டாது. பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் பூச்சிமருந்து படாத தோட்டம் என்னுடையது ஒன்றுதான். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிப்பேன். சுற்றிலும் ஆமணக்கு நட்டிருக்கிறேன். புழு கத்தரியை விட்டு ஆமணக்குக்குப் போகும். அந்த இலையைக் கிள்ளிப் புதைத்துவிடுவேன். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைப் பொறிவண்டு தின்றுவிடும்.

அடுத்த தோட்டம் மரியசூசையுடையது. என் சித்தப்பா மகன். வாரம் தவறாமல் மருந்தடிப்பான், அதுவும் காற்று என் பக்கம் வீசும் நேரமாகப் பார்த்து. எண்பத்தாறு மாசியில் ஒருநாள் என் பொறிவண்டுகள் அத்தனையும் செடிக்கடியில் செத்துக் கிடந்தன. நேரே போய்க் கேட்டேன்.

"வண்டுக்கா இத்தினி கோவம், அல்போன்சண்ணா? செத்தா செத்துட்டுப் போவுது, வுடுங்க" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அசுவினி ஏறிப் பாதித் தோட்டம் சுருண்டுபோனது. இன்னொன்றும் கேளுங்கள். அவன் விளைவித்த காயெல்லாம் சந்தைக்குப் போகும். அவன் வீட்டுக் குழம்புக்கு மட்டும் என் காய். எங்கள் ஊர் வழக்கப்படி, என் தோட்டத்தின் வரப்போர வரிசை இரண்டு வீட்டுக்கும் பொது. பறிக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. அவன் மனைவி ஞானமேரி கூடையோடு வருவாள். "எங்க காய எம் புள்ளைக்குக் குடுக்க மனசு வல்லீங்க மாமா" என்பாள். அந்தப் பெண்குழந்தை என்னைப் பெரியப்பா என்று கூப்பிடும்.

ஆமணக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பூச்சி விரும்பி வரும் செடியை ஓரத்தில் தனியாக விட வேண்டும். முறை அவ்வளவுதான். அவனுடைய மோட்டார் ரூமிலிருந்து அவன் மருந்தையே எடுத்து வந்து, வரப்போர வரிசைக்கு மட்டும் அடித்தேன். கெட்டியாகவே கலந்தேன். மறுநாள் காலை ஞானமேரி பறிக்கும்போது நான் உள்பாத்தியில் சாம்பல் தூவிக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்குக் காயி நல்லா மினுக்குதுங்க மாமா" என்றாள்.

ஆமாம் என்றேன்.

மரியசூசை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன். கடத்தூர் சந்தைக்குப் போனவன் அங்கேயே சாப்பிட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் ஞானமேரி போய்விட்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தையும் போனது. நான் அந்த வரிசையை வேரோடு பிடுங்கிப் புதைத்தேன்.

குழந்தை என்னய்யா பாவம் செய்தது என்று கேட்கிறீர்கள். என் பொறிவண்டு என்ன பாவம் செய்தது? மருந்துக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பார்க்கத் தெரியாது. இதைத்தானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருத்தனாவது காது கொடுத்துக் கேட்டானா? வரப்பு பொது, அதை என் கணக்கில் சேர்க்காதீர்கள். என் தோட்டத்தில் இன்றைக்கும் ஒரு சொட்டு மருந்து கிடையாது.