கால் போன வாசகம்

தம்பி: கால் போயிடுச்சுக்கா!

அக்கா: ஐயையோ... யாருக்குடா?

தம்பி: போர்டுக்கு.

அக்கா: சத்தமா சொல்லு. ரெண்டாவது மோட்டார் ஓடுது, ஒண்ணும் கேக்கல.

தம்பி: எழுத்துல போடற கால்! துணைக்கால்! ‘எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் நகரம்’னு எழுதிக் கொடுத்தேன். ‘தங்கும் நகரம்’னு அச்சாகி ஊர் பூரா நிக்குது.

அக்கா: எத்தனை போர்டு?

தம்பி: முந்நூத்தி நாப்பது. ஏர்போர்ட் வாசல்லேர்ந்து ஸ்டேடியம் வரைக்கும்.

அக்கா: எத்தனை பேர் வந்தாலும் தங்கும் நகரம்... கேக்க நல்லாதானேடா இருக்கு? வர்றவங்க தங்குவாங்க. ஓட்டல்தான் தெருவுக்கு நாலு கட்டியாச்சே.

தம்பி: விளையாடாதே. உலகப் போட்டிய எந்த ஊருக்குக் கொடுக்கலாம்னு பாக்கற குழு நாலு மணிக்கு வந்து இறங்குது. அவங்க கேட்டதே ஒரு கேள்விதான். இத்தனை கூட்டத்த இந்த ஊர் தாங்குமான்னு. அதுக்குப் பதிலாத்தான் அந்த வாசகம்.

அக்கா: அந்தக் கேள்விய எங்கிட்ட கேட்டிருக்கலாமே?

தம்பி: தண்ணி இன்ஜினியர யாரு கேப்பா? நீ உண்மைய சொல்லித் தொலைப்பே.

அக்கா: டீ குடிக்கிறியா?

தம்பி: டீயா! கமிஷனர் காலைல கார்லேர்ந்து பாத்துட்டாருக்கா. பன்னெண்டு மணிக்குள்ள யார் தப்புன்னு பேர் வேணுமாம். விளம்பரப் பிரிவுன்னா நான். அச்சகம்னா... அவருக்கு இனிமே மாநகராட்சி வேலையே கிடையாது.

அக்கா: அச்சகக்காரர் என்ன சொல்றாரு?

தம்பி: சத்தியம் பண்றாரு. புரூஃப் தாள்லயே அந்தக் கால் மேல சிவப்புக் கோடு இருந்துச்சாம். வந்தபடி அச்சடிச்சேங்கறாரு.

அக்கா: ம்...

தம்பி: என்ன ம்?

அக்கா: ஒண்ணுமில்ல. அவருகிட்ட எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?

தம்பி: பன்னெண்டு பேர். எதுக்குக் கேக்கறே?

அக்கா: சும்மா.

தம்பி: சும்மாவா? உன் முகமே சரியில்லையே.

அக்கா: மூணு வாரம் போட்டி. நாலு லட்சம் பேர் கூடுதலா வருவாங்க. அவங்க குளிக்கணும், ஸ்டேடியத்துப் புல்லு பச்சையா இருக்கணும். இப்பவே கிழக்குப் பக்கத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி. போட்டி வந்தா வாரத்துக்கு ஒரு தடவை. ஏரி பாதிக்குக் கீழ போயாச்சு. போர் போட்டா உப்பு வருது.

தம்பி: இதெல்லாம்தான் அறிக்கைல எழுதினியே...

அக்கா: எழுதினேன். அதுக்கு மேல ‘நீடித்த வளர்ச்சி’ன்னு நீ ஒரு அட்டை போட்டே. உள்ள ஒருத்தரும் பிரிக்கல.

தம்பி: அட்டை நல்லா இருந்துச்சுல்ல?

அக்கா: ஒண்ணு வச்சேன்னா... எட்டு வார்டுடா கிழக்குப் பக்கம். வால்வு மூடச் சொல்லி உத்தரவு வந்தா, மூடப்போறது நான். உங்க யார் கையும் இல்ல.

தம்பி: சரி, கோபப்படாதே.

அக்கா: கோபமில்ல. பயம். கணக்குப் போட்டுப் பாத்தவளுக்கு வர்ற பயம்.

தம்பி: சரி, அந்த டீயக் கொடு.

அக்கா: அந்தக் கோடு நான் போட்டது.

தம்பி: எந்தக் கோடு?

அக்கா: நடிக்காதே. சிவப்புக் கோடு. ‘வாசகம் உண்மை என உறுதி செய்கிறேன்’னு நீர்ப் பிரிவு கையெழுத்துக் கேட்டு தாள் வந்துச்சு. தாங்கும்னு போட்டிருந்ததுக்குக் கீழ கையெழுத்துப் போட எனக்குக் கை வரல. தங்கும்னா... சரி, தங்குவாங்க, அது பொய்யில்ல. காலை அடிச்சேன், கையெழுத்துப் போட்டேன்.

தம்பி: எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?

அக்கா: சொன்னா நீ மறுபடியும் காலை ஒட்டியிருப்பே.

தம்பி: ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை வருஷம் இருக்கு உனக்கு?

அக்கா: பதினொண்ணு. அதுக்கென்ன இப்போ? கெளம்பு, நானும் வர்றேன். கமிஷனர்கிட்ட நானே சொல்லிடறேன். என் கோட்டுக்காக அந்தப் பன்னெண்டு பேர் தெருவுல நிக்க வேணாம்.

தம்பி: யாரும் நிக்கமாட்டாங்க. பேர் கொடுத்தாச்சு.

அக்கா: யார் பேரு?

தம்பி: என் பேருதான். எழுதிக் கொடுத்துட்டுத்தான் இங்க வர்றேன்.

அக்கா: பாவி! அப்ப இவ்வளவு நேரம் எதுக்குடா நாடகம்?

தம்பி: நீ வேற யார்கிட்டயாவது ஒளறிட்டியான்னு தெரிஞ்சுக்கணும்ல. நீ அந்தத் தாளைப் பாக்கவே இல்ல, புரியுதா? தாள அச்சகத்துலேர்ந்து திருப்பி வாங்கிட்டேன்.

அக்கா: அதெப்படி பாக்கலன்னு சொல்ல முடியும்? நான் அடிச்சதுக்கு நீ எதுக்கு வேலைய விடணும்? எல்லா வாசகமும் நீர்ப் பிரிவுக்கு வந்துதான் அச்சுக்குப் போகணும்னு விதியே இருக்கேடா. எப்படியும் எங்கிட்டதான் வந்து நிப்பாங்க.

தம்பி: அப்படி விதியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா... தாங்கும்னு போடச் சொன்னப்ப, மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. நீ அடிப்பேன்னு தெரிஞ்சுதான், அந்தக் கையெழுத்துக் கட்டத்த ஸ்கேல் வச்சு நானே போட்டு உன் மேசைக்கு அனுப்பினேன்.