எடை மிஷினை விட்டு இறங்கியவள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். வேர்க்கடலை மண்டியில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. சின்னவள் திடீரென்று சத்தமாகச் சொன்னாள்:

"எடை பாக்கறத நிறுத்துனேன்க்கா, உடம்பு எளச்சிடுச்சு!"

"என்னாடி உளர்ற?"

"நெசமாத்தான்! டெய்லி மூட்டை எடை போடுற மிஷின்ல ஏறி நின்னு, போட்டோ எடுத்து நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போடுவோம்ல? கொஞ்சம் ஏறியிருந்தா போதும், ஆளாளுக்கு சிரிக்கிற பொம்மை போடுவாளுங்க. அந்தக் கடுப்புல மண்டி மல்லாட்டையா உடைச்சுத் தின்னுக்கினு கெடப்பேன். ராத்திரி தூக்கமே வராது."

"இப்போ?"

"குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன். நல்லா தூங்குறேன், பசிச்சாத்தான் சாப்புடுறேன். சாயங்காலம் நடக்கறதுகூட ஜாலியா இருக்குதுக்கா! ஜாக்கெட்ட டெய்லர்கிட்ட பிடிக்கக் குடுக்கணும், இத பாரேன்!"

மூத்தவள் அந்தத் தொளதொளத்த ஜாக்கெட் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"நானுந்தான் தூங்கி ரொம்ப நாளாச்சு. ஆனா நான் எப்படிடி வெளிய வர்றது? குரூப்ப ஆரம்பிச்சதே நான்தானே!"

"ஜல்தியா கலைச்சுடுக்கா, எல்லாரும் தூங்கட்டும்!"