ஓடைக்கு மேல்கரை

"ஹலோ… ஆமா தாயி, வெள்ளைத்துரைதான் பேசுறேன். கேக்குதா?… கும்பிடெல்லாம் இருக்கட்டும். மலர் விசயமாத்தான் கூப்பிட்டேன்."

பட்டாசுக் கம்பெனி முதலாளி வெள்ளைத்துரை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பங்குனிப் பொங்கலுக்கு ஊர் வரலாற்று மலர் வருகிறது. செலவு அவருடையது என்பதால் வரலாறும் அவருடையதுதான். ஆனால் மலரைத் தொகுக்கும் ஸ்ரீமதி டீச்சர் ஒரே பிடியாக நின்றார். இப்போது போனில் இருக்கும் பாண்டிலட்சுமியின் வாயால் கேட்காமல் விபத்துப் பற்றிய பக்கத்தை அச்சுக்கு அனுப்ப மாட்டாராம். இதோ, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"கண்மாய எங்க தாத்தா வெட்டுனாருன்னு போட்டிருக்கு, சரிதான?… உங்க ஆளுகளா?… மண்ணு சுமந்திருப்பாக தாயி. வெட்டுனது தாத்தாதான்… ம்… ம்… சரி, அத விடு.

"நம்ம ஊர் எல்லைக்குள்ள வெடி விபத்தே நடந்ததில்லன்னு ஒரு வரி இருக்கு… ஏ, பொறு… பொறு ஆத்தா. ஒன் புருசன் பாண்டிராஜ் செத்தத இல்லைன்னா சொன்னேன்? எங்கன செத்தான்னு கேக்கேன். ஓடைதான நம்ம எல்லை? அவன் வேல பாத்த ஷெட்டு அதுக்குக் கீழ்கரையா, மேல்கரையா?… கீழ்கரையா?… ஓடை அப்ப அங்கிட்டு ஓடுச்சா? ஜேசிபி வச்சு நான் திருப்புனேனா? யாரு பாத்தா?… நீ பாத்தியா… சரி சரி."

குரல் இன்னும் கனிந்தது. அவர் குரல் கனிந்தால் கம்பெனியில் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

"கீழ்கரைன்னு அச்சுல வந்தா, விபத்த மறைச்சோம்னு அதிகாரிக வந்து கம்பெனியப் பூட்டிருவாக. ஒம்மக வேல்விழி வெடிமருந்து ரூம்லதான வேல பாக்கா? அப்புறம் எங்கன போவா?… அதான. ஒரு வருசமா நீ கேக்க, அவன் பேரு மலர்ல வரணும்னு. ஊருக்காக உசுர விட்டவுகன்னு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கோம்… ஆமா, போட்டோவும்தான்… ஆமா, கலர்ல. நீ கரைய மட்டும் மாத்திச் சொல்லு. இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். டீச்சர் இருக்காக, சத்தமாச் சொல்லு."

ஸ்பீக்கரில் அந்தக் குரல் இரண்டே வார்த்தை பேசியது. டீச்சர் குறித்துக்கொண்டார், தலை நிமிரவில்லை. வெள்ளைத்துரை ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தார்.

"நல்லது தாயி… பேரா? எந்தப் பேரு?… நீதான இப்பச் சொன்ன, மேல்கரைன்னு. மேல்கரை அடுத்த ஊரு எல்லை. அங்கன செத்தவன் பேர நம்ம மலர்ல எப்படிப் போட?… ஆமா, இங்கதான் பொறந்தான்… ஆமா ஆமா, இங்கதான் வரி குடுத்தான். எல்லைக்கு வெளிய செத்தவன ஊருக்குள்ள கொண்டாரக் கூடாதுங்கிறது நம்ம வழக்கம், ஒனக்குத் தெரியாதா? அன்னைக்கு நீ கீழ்கரைன்னு சொல்லப் போய்த்தான் நம்ம சுடுகாட்டுல பொதைக்க விட்டோம். இப்ப அதுக்கும் ஊர் கூடிக் கேக்கும்… ஏ, எதுக்கு அழுக?… கேளு… அழுதுக்கிட்டு மகளுக்குப் போன் போட்டுறாத. அவ மருந்துல கை வச்சிருக்கா. நடுங்குச்சுன்னா அம்புட்டுத்தான்… ஹலோ… ஹலோ…"