இடது காதில் ஒரு பிளவு

டீயில் சர்க்கரை வேண்டாம், ஐயா. மற்றபடி எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்கிறேன்.

தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தேன். மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும். மச்சமே இல்லாத பையனுக்கும் வலது முழங்கையில் ஒரு மச்சம் போட்டு அனுப்பியிருக்கிறேன். இன்றுவரை எந்த முழங்கையும் புகார் சொன்னதில்லை.

இந்த அனுபவத்தை மதித்து, ஓய்வுக்குப் பிறகு, கம்பம் பள்ளத்தாக்கின் நாட்டுப்பன்றி இனத்தை அடையாளம் காணும் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். ஓடைப்பட்டியில் முத்துப்பாண்டியின் பன்றிகளைக் கைக்குட்டையும் மூக்குமாகத் தள்ளி நின்று பார்த்தேன். கறுப்பு நிறம், நீண்ட மூஞ்சி, முதுகில் சிலிர்த்த மயிர். அதெல்லாம் சில்லறை விஷயம். பன்னிரண்டுக்கும் இடது காதில் ஒரே மாதிரி பிளவு இருந்தது. 'பிறவிப் பிளவு' என்று நூலில் எழுதினேன். தேனியில் மேடை போட்டு வெளியிட்டார்கள். மூன்று சால்வை. அட்டையில் பன்றியும் நானும். பன்றி சற்று முன்னால்.

மறுவாரம் கருத்தம்மாள் வந்தாள். அவளும் அதே ஊரில் பன்றி வளர்ப்பவள்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"ஏஞ் சார், அது நாங்க கத்தியில வெட்டுறது. மேயுறப்ப யாரு பன்னின்னு தெரியணும்ல? முத்துப்பாண்டியண்ணே வீட்டுக்கு இடது காது, எங்களுக்கு வலது காது. பொறக்கையில எல்லாம் முழுக்காதுதேன். அதப் போயி புஸ்தகத்துல போட்டுட்டீகளே!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதை மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பிரதி அச்சாகியிருந்தது.

அடுத்த மாதம் அதிகாரிகள் என் நூலும் கையுமாக வந்து கருத்தம்மாளின் இருபத்து மூன்று பன்றிகளின் இடது காதையும் பார்த்தார்கள். முழுக்காது. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "கலப்பு" என்றேன். தூய இனம் இருக்கும் ஊரில் கலப்பு இருக்கக் கூடாது என்பதும் என் நூலில் உள்ள விதிதான். பன்றிகளை ஏற்றிய லாரி குமுளி வழியாகக் கேரளத்து இறைச்சிக் கடைகளுக்குப் போயிற்று. ஒரு சினைப் பன்றியை மட்டும் அவள் திராட்சைத் தோட்டத்துக்குள் ஒளித்துவிட்டாள்.

நான்கு நாள் கழித்து அதை ஓட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். இடது காதில் புது வெட்டு. ரத்தம் காயவில்லை.

"இப்பப் பாருங்க சார். இது ஒண்ணாச்சும் ஒங்க புஸ்தகத்துல சேருமா? ஏத்துனவக மத்ததத் திருப்பித் தரமாட்டோம்னுட்டாக."

எனக்குப் போலி என்றாலே ஆகாது, ஐயா. போலி அடையாளம், மிருகவதை என்று அன்றே புகார் எழுதினேன். அந்தப் பன்றியையும் ஏற்றிவிட்டேன். நீங்கள் விசாரிக்க வந்திருப்பது அந்தப் புகாரைத்தானே? கையெழுத்து என்னுடையதுதான்.

மேசை மேலிருக்கும் பிளேடைப் பார்க்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். முத்துப்பாண்டியின் பன்றிகள் இதுவரை நாற்பத்தொரு குட்டி போட்டிருக்கின்றன. ஒன்றுக்குக்கூடத் தன் இனத்தின் மேல் பற்றில்லை. அத்தனையும் முழுக்காதோடுதான் பிறந்தன. அவன் போன் செய்ததும் ஸ்கூட்டரில் போய்விடுவேன். குட்டி முதல் பால் குடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். டெட்டாலும் தடவுவேன். கொஞ்சம் கத்தும், பிறகு பழகிவிடும்.

இரண்டாம் பதிப்பு அடுத்த மாதம் வருகிறது, ஐயா. ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.