பாகற்காய்ச் சாறும் பாதி மாத்திரையும்

மலேசியாவின் கிள்ளானில், மருந்து வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆன்ட்டி பக்கத்துப் பெண்ணிடம் தன் சர்க்கரை நோய் வைத்தியத்தைப் பெருமையாகச் சொன்னார்:

“இனிப்புநீர் மாத்திரைய நான் பாவக்கா ஜூஸ்லதான் முழுங்குவேன். ரெண்டும் சேந்தா பவர் லா.”

“தெனமுமா ஆன்ட்டி?”

“ரத்தம் எடுக்கப் போற வாரம் மட்டும். அந்தக் கசப்ப யாரு தெனமும் குடிக்கிறது?”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“மாத்திரையில என்ன கலந்திருக்குன்னு அவரு என்கிட்ட சொன்னாரா? ரிப்போர்ட்டப் பாத்து அசந்துட்டாரு. மாத்திரையப் பாதியாக் குறைச்சிட்டாரு!”

அந்தப் பெண் சாறு பிழியும் விதத்தைக் கேட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டாள்.

“அப்புறம் இன்னிக்கு எதுக்கு வந்தீங்க ஆன்ட்டி?”

ஆன்ட்டி கட்டுப் போட்ட காலைச் செருப்பிலிருந்து மெல்ல உருவிக் காட்டினார்.

“இந்தப் புண்ணுக்குத்தான். மாசக்கணக்கா ஆறவே மாட்டேங்குது. இங்கிலீஷ் மருந்த நம்பவே முடியல லா.”